பழைய கொம்பியூட்டரில் ஆர்கேட் விளையாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெகிவளைப் பக்கம் எத்தனையோ வீடுகளில் அலுமாரிக்கு மேலே ஒரு பென்டியம் பெட்டி தூசு படிந்து கிடக்கிறது. படிப்புக்கென்று வாங்கியது, பிள்ளைகள் வளர்ந்து வெளிநாடு போனபிறகு யாரும் தொடாதது. அதை இரும்புக்காரரிடம் போடலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். போடாதீர்கள் என்பேன். ஒரு காலத்தில் காசு போட்டு விளையாடிய பெரிய மெஷின்களின் விளையாட்டுகளை அந்தப் பெட்டி இன்னும் வடிவாக ஓட்டும். அப்படிச் சொன்னதும் வரும் கேள்விகள்தான் இவை.

எமுலேட்டர் என்றால் என்ன?

ஆர்கேட் மெஷினுக்குள் இருப்பதும் ஒரு கொம்பியூட்டர் போர்ட்தான். அதற்கென ஒரு புரோசசர், சத்தத்துக்கு ஒரு சிப், படத்துக்குத் தனிச் சுற்று, விளையாட்டு பதிந்த றோம் சிப்கள். அந்தப் போர்ட் செய்யும் வேலை அத்தனையையும் சொப்ட்வெயாராலேயே செய்துகாட்டுவது எமுலேட்டர். விளையாட்டை யாரும் திருப்பி எழுதுவதில்லை. றோம் சிப்பில் இருந்த அதே நிரல், தான் இன்னும் பழைய போர்டிலேயே இருப்பதாக நினைத்து ஓடுகிறது.

இவற்றில் பெயர் பெற்றது மேம். இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா தொடங்கி, 1997 பெப்ரவரியில் முதல் பதிப்பு வெளிவந்தது. பக்-மேன் வகைப் போர்ட்களுக்காக எழுதிய சிறு நிரல்தான் அதன் விதை. இன்று அது ஆயிரக்கணக்கான மெஷின்களை அறியும்.

என்னிடம் இருக்கும் பெட்டி போதுமா?

சின்னக் கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். 1980-இல் நம்கோ வெளியிட்ட பக்-மேன் போர்டில் இருப்பது 3.072 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஒரு இசட்80 சிப். ஒரு மெகாஹேர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 10 லட்சம் துடிப்பு. அந்தச் சிப்புக்கு ஒரு கட்டளையை முடிக்க குறைந்தது 4 துடிப்பு, சிலவற்றுக்கு 20-க்கும் மேல் வேண்டும். சராசரியாக 7 அல்லது 8 என்று எடுத்தால், ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 4 லட்சம் கட்டளைகள். உங்கள் பென்டியம் ஒவ்வொரு கட்டளையையும் நடித்துக் காட்ட ஒரு 50 துடிப்பு செலவழித்தாலும் மொத்தம் 2 கோடி துடிப்பு. அதாவது 20 மெகாஹேர்ட்ஸ். படம் வரைய, சத்தம் கலக்க இன்னும் கொஞ்சம். ஆகவே 100 மெகாஹேர்ட்ஸ் பென்டியத்துக்கு பக்-மேன் பாரமில்லை.

1981-இல் வந்த கலகாவில் மூன்று இசட்80 உண்டு. வேலை அதற்கேற்பக் கூடும். 1991-இல் கெப்கொம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஓடுவது சிபிஎஸ்-1 போர்டில்: 10 மெகாஹேர்ட்ஸில் ஓடும் 68000 என்ற புரோசசர் சிப், சத்தத்துக்கு மட்டும் தனியாக ஒரு இசட்80, அதோடு யமஹா எஃப்எம் சிப். திரையும் 384-க்கு 224 புள்ளிகள். எஸ்என்கே நிறுவனத்தின் நியோ ஜியோவில் 68000 சிப் 12 மெகாஹேர்ட்ஸில் ஓடும்.

நான் சொல்லும் தோராயம் இது. பென்டியத்துக்கு முந்திய 486 சிப் இருந்தால் 80-களின் தொடக்க விளையாட்டுகள், அதுவும் 486 காலத்து எமுலேட்டரில் மட்டும். பென்டியம் 100 முதல் 233 எம்எம்எக்ஸ் வரை இருந்தால் 80-களின் பெரும்பகுதியும், சரியான எமுலேட்டர் கிடைத்தால் ஸ்ட்ரீட் ஃபைட்டரும். பென்டியம் 2, செலரோன் 300 என்றால் சிபிஎஸ்-1, நியோ ஜியோ இரண்டும் நிம்மதியாக ஓடும். பென்டியம் 3-க்கு மேல் இருப்பவர்கள் இந்தப் பக்கத்தில் பாதியைத் தாண்டிப் போகலாம்.

வேகத்தோடு நினைவகத்தையும் பாருங்கள். 90-களின் நடுவில் வந்த நியோ ஜியோ விளையாட்டுகள் பல மெகாபைட் படத்தரவு கொண்டவை. 16 மெகாபைட் றாம் உள்ள பெட்டியில் அதைத் திறந்தால், மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் வைத்து வைத்து எடுக்கும். டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், விளையாட்டு விக்கி விக்கிப் போகும். அந்த நேரத்தில் புரோசசரைக் குறை சொல்லிப் பயனில்லை, றாம் கூட்டுங்கள்.

486 வைத்திருப்பவர்கள் கிராபிக்ஸ் காட் எந்த ஸ்லொட்டில் இருக்கிறதென்றும் பார்க்கவேண்டும். 320-க்கு 240 திரை, 256 நிறம் என்றால் ஒரு படம் 76,800 பைட். வினாடிக்கு 60 படம் அனுப்ப 4.6 மெகாபைட். பழைய ஐஎஸ்ஏ ஸ்லொட்டுக்கு அதுவே மூச்சு முட்டும் வேலை. அதற்குப் பிந்திய, வேகமான பிசிஐ ஸ்லொட்டில் பூட்டும் காட் என்றால் இந்தப் பிரச்சினையே இல்லை.

புதிய மேம் போட்டுப் பார்த்தேன். பக்-மேன்கூட ஆமை வேகம். பெட்டி பழுதா?

பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. எமுலேட்டர்தான் அதன் வயதுக்குப் பொருந்தவில்லை. என்னிடம் வரும் முறைப்பாடுகளில் பெரும்பகுதி இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேம் குழுவின் நோக்கம் பழைய போர்ட்களை உள்ளது உள்ளபடி ஆவணப்படுத்துவது. வேகம் அவர்களுக்கு இரண்டாம் பட்சம். சிப் ஒன்று உண்மையில் எப்படி நடந்துகொண்டது என்று புதிதாகத் தெரியவரும்போதெல்லாம் குறுக்குவழியை எடுத்துவிட்டு முழு வழியை எழுதுவார்கள். அது சரியான வேலை. அந்த உழைப்பு இல்லாவிட்டால் பல மெஷின்கள் நினைவில் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். விலையைக் கொடுப்பது நம்முடைய பழைய புரோசசர்.

90-களின் கடைசியில் வந்த டொஸ் (விண்டோஸுக்கு முன் இருந்த, கட்டளை தட்டி ஓட்டும் இயங்குதளம்) பதிப்புகளில் 68000 சிப்பை நடிக்க அசெம்பிளி மொழியில் கையால் எழுதிய பகுதி இருந்தது. இன்டெல் சிப்பின் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணி எழுதியது அது. பிறகு எல்லா வகைக் கணினியிலும் ஓடவேண்டும் என்பதற்காக சி மொழிப் பகுதி அந்த இடத்துக்கு வந்தது. பழைய பதிப்புகள் 256 நிறத் திரையோடு திருப்திப்படும், பிந்தியவை 16 பிட்டுக்குக் குறைந்து வராது. 2006-இல் 0.107 பதிப்போடு படம் வரையும் முறையே மாறியது. இன்று குழு வெளியிடும் விண்டோஸ் பதிப்பு 64 பிட் கணினிக்கு மட்டும்.

ஆகவே பெட்டியின் வயதையொத்த எமுலேட்டரைத் தேடுங்கள். 1997-இல் செய்த பெட்டிக்கு 1998 முதல் 2000 வரை வந்த பதிப்பு. பென்டியம் 3-க்கு 2003 அளவில் வந்தது. இந்த ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தால் பாதிப் பிரச்சினை தானாகவே போய்விடும்.

அப்படியானால் எதை எடுப்பது?

பென்டியத்துக்கு மேம் 0.37 வரிசையின் டொஸ் பதிப்பு. அதில் பீட்டா 5 இன்றும் உயிரோடு இருக்கிறது: சின்னக் கருவிகளுக்காக எடுத்த பல மறுபதிப்புகளுக்கு அதுவே அடிப்படை. ஆகவே அதற்குரிய விளையாட்டுப் பட்டியலும் கோப்பு விவரமும் இப்போதும் எளிதில் கிடைக்கும். 2001-இல் மேம் விண்டோஸுக்கு மாறிவிட்டது.

சிபிஎஸ்-1 விளையாட்டுகளுக்காக மட்டும் என்றால் கலஸ் என்று ஒரு டொஸ் எமுலேட்டர் இருந்தது. பழைய நின்டெண்டோவை ஓட்டும் நெஸ்டிகிளை எழுதிய பிளட்லஸ்ட் சொப்ட்வெயார் செய்தது. ஒரே ஒரு போர்டை மட்டும் குறிவைத்து எழுதியதால் நல்ல வேகம். நியோ ஜியோவுக்கு அதே மாதிரி நியோரேஜ். 486-க்கு டேவ் ஸ்பைசர் எழுதிய ஸ்பார்கேட்.

எனக்கு மிகவும் பிடித்தது அட்வான்ஸ்மேம். ஆந்திரேயா மட்சோலெனி என்ற இத்தாலியரின் வேலை. மேம் 0.106-ஐ அடிப்படையாகக் கொண்டது, டொஸ்ஸிலும் ஓடும். கிராபிக்ஸ் காட்டோடு நேராகக் கதைத்து, அந்த மெஷினின் திரை எத்தனை கோடு, எத்தனை ஹேர்ட்ஸோ அதையே மொனிட்டரில் கொண்டுவரப் பார்க்கும். பென்டியம் 2 அல்லது 3-உம் கண்ணாடிக் குழாய் மொனிட்டரும் வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறையாவது போட்டுப் பார்க்கவேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பெட்டிக்கு ஃபைனல்பேர்ன் ஆல்பா போதும், லேசானது.

டொஸ்ஸா, விண்டோஸ் 98-ஆ?

வேகம் குறைந்த பெட்டிக்கு டொஸ். விண்டோஸ் 98 இருந்தால் கணினி எழும்பும்போது எஃப்8 விசையை அழுத்தி வெறும் கட்டளைத் திரைக்குப் போகலாம். எதுவுமே இல்லாவிட்டால் ஃப்ரீடொஸ் இலவசம். மேம்மின் டொஸ் பதிப்புகள் டிஜேஜிபிபி என்ற கருவியால் ஆனவை. அவற்றோடு சிடபிள்யூஎஸ்டிபிஎம்ஐ என்ற சின்னக் கோப்பு ஒன்று அதே கோப்புறையில் இருக்கவேண்டும். அது இல்லாமல் திறந்தால் ஒரு வரிப் பிழைச் செய்தியோடு நின்றுவிடும். விண்டோஸுக்குள் இருந்து திறந்தால் மட்டும் ஓடுகிறது, வெறும் டொஸ்ஸில் ஓடவில்லை என்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்கவேண்டும்.

நீண்டகாலம் பூட்டிவைத்த பெட்டி. அப்படியே பிளக்கில் போடலாமா?

வேண்டாம். முதலில் பின்பக்கம் பாருங்கள். பவர் சப்ளையில் சின்ன சிவப்புச் சுவிட்ச் ஒன்று இருக்கும்: 115, 230. ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ பாவித்துக் கொண்டுவந்த பெட்டி என்றால் 115-இல் இருக்கலாம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அப்படியே போட்டால் வெடிச் சத்தமும் புகையும்தான் மிஞ்சும். 486, முதல் பென்டியம் காலத்து ஏடி வகைப் பெட்டிகளில் முன்பக்கச் சுவிட்சுக்கு வரும் வயரிலேயே 230 வோல்ட் நிற்கும், பிளக்கைக் கழற்றாமல் உள்ளே கை வைக்காதீர்கள். அந்த வகை மதர்போர்டுக்குப் போகும் இரண்டு பவர் பிளக்குகளையும் திரும்பப் பூட்டும்போது கறுப்பு வயர்கள் நடுவில் ஒன்றையொன்று பார்த்திருக்கவேண்டும். மாறினால் போர்ட் போயிற்று.

அப்புறம் மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். 386, 486 போர்ட்களில் ஓரமாக ஒரு பீப்பாய் வடிவ பட்டரி ஒட்டியிருக்கும். அது கசிந்தால் சுற்றியுள்ள செப்புக் கோடுகளை அரித்துவிடும். பச்சையாகவோ வெள்ளைப் பொருக்காகவோ தெரிந்தால் பட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, பஞ்சில் வினாகிரி தொட்டுத் துடையுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். 2000-ஐ ஒட்டி வந்த போர்ட்களில் பட்டரி நாணய வடிவம், அது கசிவது குறைவு. அங்கே பிரச்சினை கப்பாசிட்டர்கள். தலை வீங்கி, பழுப்பாக ஏதாவது வழிந்திருந்தால் மாற்றவேண்டும்.

கொழும்பில், அதிலும் காலி வீதிக்குக் கடல் பக்கமாக இருக்கும் வீடுகளில், உப்புக்காற்று இன்னொரு எதிரி. றாம் துண்டைக் கழற்றினால் அதன் தங்கநிற விளிம்பு மங்கிப்போயிருக்கும். பள்ளிப்பிள்ளை பாவிக்கும் வெள்ளை அழிறப்பரால் மெதுவாக ஒரே திசையில் தேய்த்தால் பளபளப்பு திரும்பும். பொடியை ஊதித்தள்ளிவிட்டுத் திரும்பப் பூட்டுங்கள். நீளமான பீப் சத்தம் விடாமல் அடித்து, திரை கறுப்பாகவே நின்ற பெட்டிகள் இந்த வேலை ஒன்றிலேயே எழும்புவதை அடிக்கடி பார்க்கிறேன். பவர் சப்ளை விசிறிக்குள் பல்லி முட்டையும் கரப்பான் எச்சமும் இருக்கும், தூரிகையால் தட்டி எடுங்கள். பழைய மொனிட்டரை மட்டும் திறக்கவே வேண்டாம். அணைத்து வைத்தபிறகும் குழாயில் உயிருக்கு ஆபத்தான மின் அழுத்தம் தங்கியிருக்கும்.

ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பழைய டிஸ்க் தேடி அலையவேண்டுமா?

அலையவேண்டாம். கமெரா காலத்து கொம்பேக்ட் ஃபிளாஷ் காட்டும், அதை ஹார்ட் டிஸ்குக்குப் போகும் ஐடிஇ கேபிளில் பூட்டும் சின்ன இணைப்புப் பலகையும் போதும். அந்தக் காட் ஐடிஇ மொழியைத் தானாகவே பேசும் என்பதால் பெட்டி அதை ஹார்ட் டிஸ்க் என்றே நம்பும். சத்தமில்லை, சூடில்லை. கோப்புகளைப் புதிய லெப்டொப்பில் காட் ரீடர் மூலம் ஏற்றிவிட்டு இங்கே பூட்டலாம். டொஸ்ஸில் யுஎஸ்பி பென் டிரைவ் வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்கும் இதுவே வழி.

காட்டின் அளவைக் கவனியுங்கள். பெட்டி எழும்பும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரல்தான் பயோஸ். பழைய பயோஸ் சில 504 மெகாபைட்டுக்கு மேல் காணாது, சில 8.4 கிகாபைட்டோடு நிற்கும். எம்எஸ்-டொஸ் 6.22 என்றால் ஒரு பகுதிக்கு 2 கிகாபைட்தான் எல்லை. 90-களுக்கு முந்திய ஆர்கேட் விளையாட்டுகள் பெரும்பாலும் சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்குபவை, ஆகவே 2 கிகாபைட் காட்டே தாராளம்.

றோம் கோப்பு இருக்கிறது. ஆனால் "கோப்பு காணவில்லை" என்கிறதே?

மேம் ஒவ்வொரு பதிப்பும் தனக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கும். எந்த விளையாட்டுக்கு எந்தெந்தச் சிப், அவற்றின் பெயர் என்ன, அளவு என்ன, சரிபார்ப்பு எண் என்ன என்று. பிந்திய காலத்தில் யாராவது ஒரு சிப்பைத் திரும்ப வாசித்து, முன்பு வாசித்தது தவறு என்று கண்டால் பட்டியல் மாறும். ஆகவே இன்றைய தொகுப்பு 1999-இன் எமுலேட்டருக்குப் பொருந்தாது, அன்றையது இன்றையதற்குப் பொருந்தாது. எமுலேட்டரின் பதிப்பு எண்ணும் றோம் தொகுப்பின் பதிப்பு எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும்.

ஸிப் கோப்பை விரிக்காதீர்கள், பெயரையும் மாற்றாதீர்கள். பெயர்கள் எல்லாம் ஏன் இப்படிச் சுருங்கிக் கிடக்கின்றன என்று கேட்பார்கள். டொஸ்ஸில் கோப்புப் பெயருக்கு 8 எழுத்துத்தான் இடம், அந்தக் காலத்தில் வைத்த பெயர்கள் அப்படியே நிலைத்துவிட்டன. நியோ ஜியோ விளையாட்டுக்கு அந்த மெஷினின் பயோஸ் தொகுப்பும் தனியாக வேண்டும். சில விளையாட்டுகள் இன்னொன்றின் மாற்றுப் பதிப்பு. மூலப் பதிப்பின் ஸிப்பும் பக்கத்தில் இருந்தால்தான் ஓடும். எது குறைகிறது என்று கண்டுபிடிக்க சிஎல்ஆர்மேம்புரோ என்ற கருவி உதவும்.

றோம் எடுப்பது சட்டப்படி சரியா?

எமுலேட்டர் வைத்திருப்பதில் சிக்கலில்லை. விளையாட்டுகளுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அவர்களைப் பாதுகாக்கிறது. பழையது என்பதால் உரிமை போய்விடாது. எங்கிருந்து இறக்குவது என்று நான் சொல்லமாட்டேன்.

அதேநேரம் முறையாகக் கிடைப்பவையும் உண்டு. உரிமையாளர்களின் அனுமதியோடு சில விளையாட்டுகளை மேம் குழுவே தன் தளத்தில் வைத்திருக்கிறது, வியாபாரம் செய்யாமல் விளையாடலாம். றொபி றோட்டோ, கிரிட்லீ, எக்ஸிடி நிறுவனத்தின் சர்க்கஸ், ஸ்டார் ஃபயர், டார்க் போன்றவை. பொலி-பிளே என்பதைத் தவறவிடாதீர்கள். 80-களில் கிழக்கு ஜெர்மனியில் செய்த ஆர்கேட் மெஷின் அது. உள்ளே இருப்பது இசட்80-ஐப் பார்த்து அங்கேயே செய்த சிப். ஒரே பெட்டிக்குள் பல விளையாட்டு, மான் ஓடுகிறது, பனிச்சறுக்கு வருகிறது. பழைய பென்டியத்தை முதல் தடவை சோதிக்க இவை அருமையானவை. வேலை செய்கிறது என்று உறுதியானபிறகு மற்றவற்றைப் பற்றி யோசிக்கலாம்.

சத்தம் வரவில்லை, அல்லது வெட்டி வெட்டி வருகிறது.

டொஸ்ஸில் சவுண்ட் காட்டைக் கண்டுபிடிக்க உதவும் முகவரி, இன்டரப்ட், டிஎம்ஏ என்ற மூன்று எண்களையும் பிளாஸ்டர் என்ற சூழல் மாறியில் (நிரல்கள் பார்த்துக்கொள்ள டொஸ் வைத்திருக்கும் ஒரு அமைப்பு வரி) எழுதிவைக்கவேண்டும். பெரும்பாலான சவுண்ட் பிளாஸ்டர்களுக்கு 220, 5, 1. மதர்போர்டிலேயே ஒட்டிய பிந்திய காலச் சத்தச் சிப்கள் டொஸ்ஸில் அடம்பிடிக்கும். ஐஎஸ்ஏ ஸ்லொட் இருந்தால் ஒரு பழைய சவுண்ட் பிளாஸ்டர் தேடிப் பூட்டுவது நல்லது.

வெட்டி வந்தால் எமுலேட்டரில் சத்தத்தின் மாதிரி வீதத்தை (வினாடிக்கு எத்தனை ஒலித்துளி என்பதை) 44,100-இலிருந்து 22,050-க்கு இறக்குங்கள். காதுக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது, புரோசசருக்குப் பெரிய ஆறுதல். 1978-இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஊமையாக ஓடினால் பயப்படவேண்டாம். அதன் சத்தத்தில் பெரும்பகுதி அனலொக் சுற்றிலிருந்து வந்தது. பழைய மேம் அதை நடிக்கத் தெரியாமல் பதிவுசெய்த ஒலிக்கோப்புகளைப் பாவித்தது. அந்த ஒலித் தொகுப்பைத் தனியாகச் சேர்க்கவேண்டும்.

எந்த மொனிட்டர் நல்லது?

கண்ணாடிக் குழாய் மொனிட்டர். இடமும் பாரமும் பிரச்சினைதான், தெரியும். ஆனால் இந்த விளையாட்டுகளை வரைந்தவர்கள் அந்தத் திரைக்காகவே வரைந்தார்கள். டொஸ் மேம் விஜிஏ காட்டை முறுக்கி 224-க்கு 288 போன்ற விசித்திர அளவுகளையும் உண்டாக்கும். பழைய மொனிட்டர் அதை ஏற்றுக்கொள்ளும், தட்டைத் திரை பலதும் "எல்லைக்கு வெளியே" என்று எழுதிவிட்டுக் கறுத்துவிடும். அப்படி நடந்தால் 640-க்கு 480 அளவைக் கட்டாயப்படுத்துங்கள். தட்டைத் திரைதான் இருக்கிறது என்றால் பழைய 4:3 வடிவம் தேடுங்கள், அகலத் திரையில் பக்-மேன் இழுபட்டுத் தெரியும்.

பக்-மேன், கலகா, டொங்கி கோங் எல்லாம் நெட்டுக்குத்துத் திரை. மொனிட்டரைப் பக்கவாட்டில் சாய்த்து வைக்கலாமா என்றால், தட்டைத் திரையைத் தாராளமாக வைக்கலாம். குழாய் மொனிட்டரில் நிறம் திட்டுத்திட்டாக மாறும், டிகாஸ் பொத்தானை அழுத்தினால் சரியாகும். காற்றுத் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கொழும்பு வெக்கையில் அது முக்கியம்.

முஸ்தபா ஓடுமா?

இந்தக் கேள்வி வராத வாரமில்லை. கெப்கொம்மின் கெடிலெக்ஸ் அண்ட் டைனோசர்ஸ், 1993. பச்சைச் சட்டையும் தொப்பியுமாக ஓடிவந்து உதைக்கும் முஸ்தபாவின் பெயரிலேயே நம்மவர்கள் அதை அறிவார்கள். அதுவும் சிபிஎஸ்-1 குடும்பம்தான், ஆனால் கியூசவுண்ட் என்ற ஒலி அமைப்பு சேர்ந்த பிந்திய போர்ட், 68000 சிப்பும் 12 மெகாஹேர்ட்ஸ். சத்தத்துக்கான இசட்80-இன் நிரலைக் கெப்கொம் மறைகுறியாக்கி வைத்திருந்தது, அதை உடைத்தபிறகுதான் எமுலேட்டரில் சத்தம் வந்தது. மேம் 0.37-இல் பென்டியம் 2, 64 மெகாபைட் றாம் இருந்தால் முழு வேகம் எதிர்பார்க்கலாம். பென்டியம் 200 அளவில் என்றால் ஃபிரேம் ஸ்கிப் (இடையிடையே சில படங்களை வரையாமல் தாண்டுவது) 1 அல்லது 2 வைத்து, சத்தத்தைக் குறைத்து ஓட்டலாம். எஃப்11 அழுத்தினால் வேகம் எத்தனை வீதம் என்று மூலையில் காட்டும்.

மூன்று பேர் சேர்ந்து ஒரே கீபோர்டில் விளையாடப் பார்க்காதீர்கள். கீபோர்டின் உள்வலை அமைப்பால் பல விசைகளை ஒன்றாக அழுத்தும்போது சில பதியாமல் போகும். மேம் தன் பொத்தான்களை இயல்பாகவே கொன்ட்ரோல், ஆல்ட், ஸ்பேஸ் விசைகளில் வைத்திருப்பது நல்லது, கொன்ட்ரோலும் ஆல்டும் பெரும்பாலும் இந்தச் சிக்கலில் மாட்டாதவை. காசு போட 5, தொடங்க 1, மாற்றங்களுக்கு டேப். இரண்டாமவருக்கு சவுண்ட் காட்டின் பின்னால் இருக்கும் 15 ஊசி கேம் இணைப்பில் ஒரு ஜோய்ஸ்டிக் பூட்டுங்கள். அந்த இணைப்பில் மொத்தம் நான்கு பொத்தான்தான், ஸ்ட்ரீட் ஃபைட்டரின் ஆறு பொத்தானுக்குக் கீபோர்டே வசதி.

விளையாடும்போது கரண்ட் போனால்?

2022-இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த நாட்களில் இந்தக் கேள்வி நிறைய வந்தது. டொஸ்ஸில் எழுதும் வேலை நடக்காத நேரத்தில் கரண்ட் போனால் பெரிதாக ஒன்றும் ஆகாது, விண்டோஸ் மாதிரி முறையாக மூடும் சடங்கு அதற்குத் தேவையில்லை. அதிக புள்ளிகளை எமுலேட்டர் வெளியேறும்போதுதான் எழுதிவைக்கும், ஆகவே அன்றைய சாதனை மட்டும் போய்விடும். கரண்ட் திரும்பி வரும்போது அழுத்தம் ஏறி இறங்கும், அந்த நேரம் பிளக்கைக் கழற்றி வைத்திருங்கள்.

ஃபோனிலேயே எல்லாம் ஓடுகிறதே, இந்தக் கஷ்டம் எதற்கு?

ஓடும், உண்மை. பேருந்தில் போகும்போது விளையாட ஃபோனே வசதி. கைக்கும் திரைக்கும் இடையே உள்ள தாமதத்தில்தான் வித்தியாசம் இருக்கிறது. டொஸ் பெட்டியில் விசையை அழுத்தியதும் எமுலேட்டருக்கு நேராகச் செய்தி போகிறது, குழாய் மொனிட்டர் சிக்னல் வரும்போதே வரைந்துவிடுகிறது. நடுவில் படத்தைச் சேர்த்துவைத்துப் பார்த்து அனுப்ப யாரும் இல்லை. கண்ணாடியில் விரலை வைத்துத் தேய்த்து பக்-மேனை மூலை திருப்பிப் பழகியவர்கள் இங்கே ஒருமுறை திருப்பிப் பார்த்தால் சொல்லாமலே புரியும். பிள்ளைகளுக்கும் இது நல்ல பாடம். ஒரு பெட்டியைத் திறந்து, றாம் எது, ஸ்லொட் எது என்று தொட்டுப் பார்த்து, தானே எழுப்பிய மெஷினில் விளையாடும் பெடியனுக்குக் கொம்பியூட்டர் மீது வரும் பற்று வேறு எதிலும் வராது என்று நம்புகிறேன்.

மெஷின்கள் அழிந்துகொண்டே வருகின்றன என்பதையும் மறக்கவேண்டாம். கெப்கொம்மின் சிபிஎஸ்-2 போர்டில் ஒரு பட்டரி இருக்கிறது, மறைகுறிச் சாவி அந்தப் பட்டரியின் தயவில் நிற்கிறது. பட்டரி தீர்ந்தால் சாவி அழியும், போர்ட் ஊமையாகும். எமுலேட்டர் எழுதியவர்கள் பல வருடம் போராடி அந்த மறைகுறியை உடைத்ததால்தான் செத்த போர்ட்களை இன்று திரும்ப எழுப்ப முடிகிறது.

கடையில் வைத்துக் காசு வாங்கலாமா?

மேம்மின் பழைய உரிமத்தில் வியாபாரத்துக்குத் தடை இருந்தது. 2016 முதல் அது திறந்த மூல உரிமத்தில் வருகிறது, ஆனால் நீங்கள் பாவிக்கும் பழைய பதிப்பு பழைய உரிமத்தின் கீழ்தான். விளையாட்டுகளின் உரிமை எப்படியும் தனி. ஆகவே வேண்டாம்.

சாமான் எங்கே கிடைக்கும்? சரிவராத பெட்டியை என்ன செய்வது?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் புதிய சாமான்தான் அதிகம். ஆனாலும் திருத்தும் கடைகளில் பொறுமையாகக் கேட்டால் பெட்டிக்குள் கிடக்கும் பழைய றாம், பிசிஐ காட் எடுத்துத் தருபவர்கள் உண்டு. புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் கப்பாசிட்டர், விசிறி, நாணய பட்டரி, கேபிள் கிடைக்கும். கொம்பேக்ட் ஃபிளாஷ் இணைப்புப் பலகை இணையத்தில் வாங்குவதே சுலபம். முடிந்தால் போர்டின் படத்தை ஃபோனில் எடுத்துக்கொண்டு போங்கள், வாயால் விளக்குவதைவிடப் படத்தைக் காட்டினால் கெதியாக வேலை முடியும்.

ஒன்றுமே சரிவராத பெட்டி என்றால் அதன் றாம், காட்கள், டிரைவ், கேபிள் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவையுங்கள், அடுத்த பெட்டிக்கு உதவும். மிச்ச போர்டையும் குழாய் மொனிட்டரையும் குப்பையோடு போடாதீர்கள், குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள்.